தெருவிளக்கின் பக்கம் பூக்காத சாமந்தி

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த சாமந்திக் கன்றுகளை ஆடி மாதத்தில் எட்டுத் தொட்டிகளில் நட்டிருக்கிறீர்கள். மண், உரம், தண்ணீர் எல்லாம் எட்டுக்கும் ஒன்றே. மாடியின் பின்பக்கம் வைத்த நான்கு தொட்டிகளும் கார்த்திகையில் பூத்துவிட்டன. தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவரோரம் வைத்த நான்கும் இடுப்பளவு வளர்ந்து, இலைகள் கரும்பச்சையாகத் தழைத்து, மார்கழி பிறந்த பிறகும் ஒரு மொட்டுகூட விடவில்லை. அந்தச் சுவருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், இந்த ஆண்டுதான் ஒரு புதிய எல்.இ.டி. தெருவிளக்கு வந்திருக்கிறது. மண்ணில் சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். விளக்குதான் காரணம் என்று உங்கள் தம்பி சொல்கிறார். விளக்கு காரணமாக இருக்க முடியுமா என்பது உங்கள் முதல் கேள்வி. முடியுமென்றால், கண்ணே இல்லாத ஒரு செடிக்கு இரவில் வெளிச்சம் விழுகிறது என்பது எப்படித் தெரிகிறது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடலாம். விளக்கு காரணமாக இருக்க முடியும். நீங்கள் தந்த விவரங்களைப் பார்த்தால் அதுவே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். நான் வேளாண் கல்லூரியில் 28 ஆண்டுகள் பயிர் வினையியல் கற்பித்தவன்; பூச்செடி வளர்ப்பவர்களிடமிருந்து இதே முறையீட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இருந்தாலும் செடியை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று அடித்துச் சொல்வது முறையல்ல. ஆகவே எது நிறுவப்பட்ட உண்மை, எது என் ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லி, கடைசியில் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் தருகிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மண்ணைச் சந்தேகித்ததில் தவறொன்றும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆராய்ச்சியாளர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய கார்னர், அல்லார்டு என்ற இருவருக்கு, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் பண்ணையில் ஒரு புகையிலை ரகம் பெரும் புதிராக இருந்தது. மேரிலாந்து மாமத் என்ற அந்த ரகம் கோடை முழுவதும் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனதே தவிரப் பூக்கவில்லை. பூக்காததால் விதையும் கிடைக்கவில்லை. அதே புகையிலையைக் கண்ணாடிக் குடிலுக்குள் குளிர்காலத்தில் வளர்த்தால், சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. அவர்கள் வெப்பத்தைச் சந்தேகித்தார்கள், உரத்தைச் சந்தேகித்தார்கள், ஈரத்தையும் ஒளியின் வலிமையையும் சந்தேகித்தார்கள். எதுவும் விடை தரவில்லை. கடைசியில், நம்பத் தகாததாகத் தோன்றிய ஒன்றே மிஞ்சியது: பகலின் நீளம். 1918 ஜூலையில் ஓர் இருட்டுக் கொட்டகையைக் கட்டி, மாலை 4 மணிக்குத் தொட்டிகளை உள்ளே வைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடையின் நடுவிலேயே அந்தப் புகையிலை பூத்தது. வெளியே முழுப் பகலையும் அனுபவித்த செடிகள் பூக்கவில்லை. 1920இல் இதை வெளியிட்டபோது, பகலின் நீளத்துக்குச் செடிகள் காட்டும் இந்த இசைவுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். நம் பாடநூல்களில் அது ஒளிக்காலத்துவம் என்று வழங்குகிறது.

இந்தக் கண்டுபிடிப்பின்படி சாமந்தி ஒரு குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகும்போது பூப்பது. ஆனால் இந்தப் பெயர் நம்மைத் தவறான திசையில் கொண்டுபோகக் கூடியது; வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைத் திருத்தவே எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. செடி அளப்பது பகலை அல்ல, இரவை. 1938இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தையை வைத்து இதைத் தெளிவாக்கினார்கள். நம் ஊர்த் தரிசு நிலங்களிலும் குளக்கரைகளிலும் வளர்ந்து, முள்காயை ஆடு மாடுகளின் மேல் ஒட்டி அனுப்புமே, அந்தச் செடிதான். ஏறக்குறைய எட்டரை மணி நேரத்தைத் தாண்டிய ஒரே ஓர் இரவு கிடைத்தால் போதும், அது பூக்கத் தொடங்கிவிடும். அந்த நீண்ட இரவின் நடுவே ஒரு நிமிடம் விளக்கைக் காட்டினால், அது பூக்காமல் நின்றுவிட்டது. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கிப் பார்த்தபோதோ எந்த மாற்றமும் இல்லை. ஆகவே குறும்பகல் தாவரம் என்பதை நீளிரவுத் தாவரம் என்று சொல்வதே பொருத்தம். அதிலும் அந்த நீளிரவு இடையில் அறுபடாமல் இருக்க வேண்டும். உங்கள் சுவரோரத் தொட்டிகளுக்குக் கிடைக்காமல் போனது, என் கணிப்பில், அந்த அறுபடாத இருட்டுதான்.

இனி, கண்ணில்லாத செடிக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு வருகிறேன். இலையில் ஒளியை உணர்வதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் இங்கே முக்கியமானது பைட்டோகுரோம் என்ற நீலப்பச்சை நிறமி. மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக் என்ற தாவரவியலாளரும் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து, இரவை முறிப்பதில் எந்த நிற ஒளிக்கு வலிமை அதிகம் என்று நிறமாலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடினார்கள். சிவப்பு ஒளிக்குத்தான் அந்த வலிமை இருந்தது. பிறகு 1952இல் லெட்யூஸ் கீரையின் விதைகளில் ஒரு வியப்பைக் கண்டார்கள். ஈரப்படுத்திய விதைக்குச் சிவப்பு ஒளியைக் காட்டினால் முளைக்கிறது; அதை அடுத்து, நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தூரச் சிவப்பு ஒளியைக் காட்டினால் முளைப்பு தடைபடுகிறது. மீண்டும் சிவப்பைக் காட்டினால் முளைக்கிறது. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொள்கிறது. இதிலிருந்து அவர்கள் ஊகித்தது: செடிக்குள் ஒரே நிறமி இரண்டு வடிவங்களில் இருக்க வேண்டும், ஏறக்குறைய 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி அதை ஒரு பக்கம் புரட்டுகிறது, 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள தூரச் சிவப்பு ஒளி மறுபக்கம் புரட்டுகிறது. ஒரு தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நிறமி இருக்கவே முடியாது என்று எண்ணியவர்களும் உண்டு. 1959இல் மக்காச்சோள முளைகளில் அதைக் கருவி வைத்து அளந்தே காட்டிவிட்டார்கள். நிலத்தாவரங்கள் எல்லாவற்றிலும் இந்த நிறமிக் குடும்பம் இருக்கிறது. இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி.

நிறமி மட்டும் இருந்தால், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும். எவ்வளவு நேரம் இருட்டாக இருந்தது என்பது தெரியாது. அதற்குக் கடிகாரம் வேண்டும். பகலில் சேர்ந்த நிறமி இரவில் மெல்ல மெல்ல வடிந்து தீர்வதையே செடி மணற்கடிகாரமாகப் பயன்படுத்துகிறது என்று ஒரு காலத்தில் விளக்கினார்கள். பழைய பாடநூல்கள் சிலவற்றில் இன்னும் அப்படியே இருக்கிறது. அது போதுமான விளக்கம் அல்ல என்று பின்னர்த் தெரிந்தது. செடிக்குள் ஏறக்குறைய ஒரு நாள் சுற்றுள்ள உயிர்க்கடிகாரம் தனியே ஓடுகிறது. 1729ஆம் ஆண்டிலேயே டெ மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தபோது, வெளிச்சமே இல்லாத நிலையிலும் அது பகலில் இலையை விரித்து இரவில் மடக்கிக்கொண்டிருந்ததை எழுதிவைத்தார். அந்தக் கடிகாரத்தைக் கொண்டுதான் செடிகள் பகலிரவு நீளத்தை அளக்கின்றன என்ற கருத்தை 1936இல் ஜெர்மானியரான பூனிங் முன்வைத்தார். பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்த அந்தக் கருத்து இன்று அடிப்படையில் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. கடிகாரம் குறிப்பிட்ட ஒரு வேளையில் ஒரு கதவைத் திறக்கிறது. அந்த வேளையில் வெளிச்சம் பட்டால் ஒரு விளைவு, படாவிட்டால் வேறொரு விளைவு.

சாமந்தியில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதையும் ஓரளவு கண்டுவிட்டார்கள். இங்கே ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்: பூப்பதற்கான உத்தரவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடையைத் தந்த செடிகளுள் ஒன்று உங்கள் தொட்டியில் இருக்கும் இதே சாமந்திதான். 1930களில் சோவியத் நாட்டில் சைலக்யான் என்ற ஆர்மீனிய அறிவியலாளர் சாமந்திச் செடியின் மேற்பகுதியில் இருந்த இலைகளை உருவிவிட்டு, கீழிலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். நுனிக்கு நீண்ட பகலைக் கொடுத்தார். நுனி பூத்தது. இதை மாற்றி, நுனிக்கு நீண்ட இரவும் இலைகளுக்கு நீண்ட பகலும் கொடுத்தபோது பூக்கவில்லை. அப்படியானால் இரவை உணர்வது இலை, பூப்பது நுனி, இரண்டுக்கும் இடையே ஏதோ ஒன்று பயணம் செய்கிறது. அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது என்ன பொருள் என்று தேடிய தேடல் எழுபது ஆண்டுகள் நீடித்தது. நானே மாணவனாக இருந்தபோது, அப்படி ஒரு பொருள் உண்மையில் இருக்கிறதா என்று எங்கள் ஆசிரியர்கள் ஐயப்பட்டதை நினைவில் வைத்திருக்கிறேன். 2007இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள், ஒன்று கடுகுக் குடும்பத்துச் சிறு செடியிலும் மற்றொன்று நெல்லிலும், அது இலையில் உருவாகிச் சாறு ஓடும் குழாய் வழியே நுனிக்குப் போகும் ஒரு சிறு புரதம் என்று காட்டின.

அதோடும் கதை முடியவில்லை. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டுச் சாமந்தியில் இதற்கு நேர் எதிரான இன்னொரு புரதத்தைக் கண்டார்கள். பூக்காதே என்ற உத்தரவை இலையிலிருந்து நுனிக்குக் கொண்டுபோவது அது. பொழுது சாய்ந்து குறிப்பிட்ட சில மணி நேரம் கழித்து ஒரு கதவு திறக்கிறது. அந்த நேரத்தில் பைட்டோகுரோம் வெளிச்சத்தை உணர்ந்தால் இந்தத் தடைப்புரதம் உருவாகிறது. இருட்டு அறுபடாமல் இருந்தால் அது உருவாவதில்லை, பூக்கச் சொல்லும் புரதத்தின் கை ஓங்குகிறது. உங்கள் சுவரோரச் செடிகள் நோயுற்றவை அல்ல, வலிமையற்றவையும் அல்ல. நுனிக்கு இலைகள் நாள்தோறும் பூக்காதே என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்றே நான் புரிந்துகொள்கிறேன். பூவுக்குப் போக வேண்டிய உணவு தண்டுக்கும் இலைக்கும் போவதால்தான் அவை இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நிற்கின்றன. சத்துக் குறைந்த செடி இப்படித் தழைப்பது அரிது. ஆகையால் பெரியவரின் ஊகம் இந்த இடத்தில் பொருந்தவில்லை.

ஒரு தெருவிளக்குக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று நீங்கள் ஐயப்படலாம். செடி உணவு தயாரிப்பதற்கு அந்த வெளிச்சம் எதற்கும் போதாது. நேரம் அறிவதற்கு மிகச் சொற்ப ஒளியே போதும். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள்; நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். முழுநிலவு ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. சாமந்தி பூக்காமல் தடுக்க வேண்டும் என்று விரும்புகிற பண்ணைக்காரர்கள் நள்ளிரவை ஒட்டி மூன்று நான்கு மணி நேரம் ஏறக்குறைய 100 லக்ஸ் ஒளி கொடுப்பது வழக்கம். உங்கள் விளக்கு பத்தடி தூரத்தில் அதைவிடக் குறைவாகவே ஒளி தரலாம். ஆனால் அது நான்கு மணி நேரம் அல்ல, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை எரிகிறது. ஒளி மங்கலாக இருந்தாலும் நேரம் நீண்டால் அதே விளைவு வரக்கூடும், ரகத்துக்கு ரகம் இது வேறுபடும். எல்.இ.டி. விளக்கின் வெள்ளை ஒளியில் நீலம் மிகுதியாகத் தெரிந்தாலும் அதற்குள் சிவப்பும் கலந்தே இருக்கிறது. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால், இலையின் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள்; துல்லியம் கிடைக்காது, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும். நிலவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் ஊர் திருச்சி என்பதும் விளக்கைத்தான் சுட்டுகிறது. சாமந்தியில் பல ரகங்களுக்கு, பகல் ஏறக்குறைய 13.5 மணி நேரத்துக்குள் இருந்தால் மொட்டு வளர்ச்சி நடக்கும். திருச்சியில் ஆண்டிலேயே நீண்ட பகல் ஆனி மாதத்தில் வருகிறது. அதுவே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்குள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். அதாவது நம் வானம் சாமந்தியின் நிபந்தனையை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நிறைவேற்றிக்கொண்டே இருக்கிறது. கார்த்திகை, மார்கழியின் நீண்ட இரவுகளில் இந்தச் செடி மொட்டுவிடாமல் நின்றால், இயற்கையின் மேல் பழிபோட இடமே இல்லை. மனிதர் வைத்த வெளிச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் சாமந்தி பயிரிடுகிறவர்கள் இந்த உண்மையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். நட்ட சில வாரங்களிலேயே செடி மொட்டு வைத்துவிட்டால் தண்டு குட்டையாகி, பூ சிறுத்து, விலை போகாது. அதனால் தொடக்க வாரங்களில் இரவில் வரிசையாக விளக்கெரித்துச் செடியை வளரவிட்டு, பிறகு விளக்கை நிறுத்துகிறார்கள். அவர்கள் வேண்டும்போது நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் தெருவிளக்கை நிறுத்த ஆளில்லை. வியட்நாமில் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களில் இரவு முழுவதும் விளக்குகள் எரிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். டிராகன் பழக் கொடி நீண்ட பகலை விரும்புவது. அதனால் அங்கே அதே விளக்கு பூப்பதைத் தூண்டுகிறது.

நெல்லிலும் இதே கதைதான். நம் டெல்டா மாவட்டங்களின் பட்டங்களே இதன்மேல் கட்டப்பட்டவை என்று சொன்னால் மிகையில்லை. பழைய சம்பா ரகங்கள் பலவும் இரவின் நீளத்தைப் பார்த்துக் கதிர்விடுகிறவை. அவற்றைச் சற்று முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், இரவு நீளும் காலத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர்வாங்கி, மழை ஓய்ந்த தை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். 1966இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற புதிய ரகங்கள் இந்த உணர்வு பெரும்பாலும் நீக்கப்பட்டவை. எந்தப் பட்டத்தில் விதைத்தாலும் நாள் கணக்குப்படி விளையும். தஞ்சைப் பக்கம் ஒரு மார்கழிக் கடைசியில், பழைய சம்பா நெல் பயிரிட்ட ஒரு வயலில், சாலைவிளக்கின் அடியில் மட்டும் ஒரு வட்டம் பச்சைப்பசேலென்று நிற்க, மற்ற வயல் முழுவதும் கதிர் சாய்ந்து பழுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயி அதைப் பூச்சித் தாக்குதல் என்று நினைத்து இரண்டு முறை மருந்தடித்திருந்தார். செடிகளின் அளவை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு மலேசியாவின் மலாக்காவில் 1950களில் செய்த ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த ஊரில், ஆண்டு முழுவதிலும் பகல் நீளத்தின் வேறுபாடு வெறும் 14 நிமிடம். அங்கே சயாம் 29 என்ற நெல்லைச் செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளில் பூத்தது. ஜனவரியில் விதைத்தபோது 329 நாளானது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை ஒரு செடி எப்படிப் பிரித்தறிகிறது என்பதற்கு முழுமையான விளக்கம் இன்னும் கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை.

செடிக்கு இரவு தெரிகிறது, செடி அளக்கிறது, இலை சொல்லி அனுப்புகிறது என்றெல்லாம் எழுதும்போது நான் சற்றுத் தயங்கியே எழுதுகிறேன். ஒளியை உணர்ந்து, நேரத்தோடு ஒப்பிட்டு, அதற்கேற்ப நடந்துகொள்கிறது என்பது வரை உறுதி. நம்மைப் போல அது உருவங்களைப் பார்ப்பதில்லை. நரம்பும் மூளையும் அதற்கு இல்லை. விளக்கு எரிவதை அது வருத்தமாக உணர்கிறதா என்று நீங்கள் கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். செடிகளுக்கு உள்ளுணர்வு உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அதற்குச் சான்று போதாது என்று மறுப்பவர்களே மிகுதி, நானும் மறுப்பவர்கள் பக்கம்தான். ஆனால் உணர்வு என்ற சொல்லை வருத்தம் என்ற பொருளில் அல்லாமல், சூழலைக் கண்டறியும் திறன் என்ற பொருளில் எடுத்துக்கொண்டால், இலைக்கு அது நிரம்ப இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் ஓர் இலையைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த வியப்பு குறையவில்லை.

இனி, நான் தவறாக இருக்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது உண்மையில் சாமந்திதானா, துலுக்கச் சாமந்தி என்ற செண்டுமல்லியா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். செண்டுமல்லிக்கும் நீண்ட இரவு பிடிக்கும். ஆனால் அது இவ்வளவு கண்டிப்பானது அல்ல, விளக்கடியிலும் தாமதமாகவாவது பூத்துவிடும். நீங்கள் பக்கக்கன்றைப் பிரித்து நட்டதாகச் சொல்வதால் சாமந்தியாகவே இருக்க வேண்டும். அடுத்தது, நுனி கிள்ளுதல். தெருப்பக்கச் செடிகள் உயரமாகப் போகின்றன என்று புரட்டாசி, ஐப்பசியில் அவற்றின் நுனியை மட்டும் கிள்ளிவிட்டிருந்தால், பூப்பது தள்ளிப்போகும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அந்தப் பக்கம் கூடுதலாக இட்டிருந்தாலும் இலை தழைத்து மொட்டு தாமதமாகும். நீங்கள் ஒரே அளவு என்கிறீர்கள், அதை நம்புகிறேன். தெருப்பக்கச் சுவர் மேற்கு வெயிலில் காய்ந்து இரவிலும் சூடாக இருக்குமானால் அதுவும் ஒரு காரணம், ஏனெனில் வெப்பமான இரவுகள் சாமந்தி மொட்டைத் தாமதப்படுத்துகின்றன. மார்கழியில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

சோதனைக்கு அந்த நான்கு தொட்டிகளையும் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். இரண்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் பின்பக்கம் கொண்டுபோகத் தோன்றும். அப்படிச் செய்தால் இடம், காற்று, சுவர்ச் சூடு எல்லாம் சேர்ந்து மாறிவிடும், எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அவையும் அங்கேயே இருக்கட்டும். நாள்தோறும் மாலை ஆறரை மணிக்கு, ஒளி ஊடுருவாத கெட்டியான அட்டைப்பெட்டியையோ இரண்டு மடிப்புக் கறுப்புத் துணியையோ அவற்றின்மேல் கவிழ்த்து, காலை ஆறரைக்கு எடுத்துவிடுங்கள். இலையைத் துணி நசுக்காமல் நான்கு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். பனியில் நனைந்த துணியை அப்படியே போட்டால் இலைப்புள்ளி நோய் வரும், உலர்த்திப் போடுங்கள். வெயில் இருக்கும்போதே மூடினால் உள்ளே புழுங்கும். இரவில் டார்ச் அடித்துத் திறந்து பார்க்காதீர்கள். இடையில் ஓரிரண்டு நாள் விட்டுப்போனால் எல்லாம் கெட்டுவிடாது. வாரத்துக்கு மூன்று நாள் விட்டுப்போனால் சோதனைக்குப் பொருளில்லை. இந்தக் காலத்தில் எந்தச் செடியையும் கிள்ள வேண்டாம், எதற்கும் புதிதாக உரம் இட வேண்டாம்.

மூடிய செடிகளின் நுனியில் மூன்று நான்கு வாரங்களில் மிளகு அளவில் உருண்டையாக மொட்டு தெரிந்து, மூடாத இரண்டில் அது தெரியாவிட்டால், உங்கள் தம்பி சொன்னதே சரி. மொட்டு தெரிந்த பிறகும் பூ விரியும்வரை மூடுவதை நிறுத்தாதீர்கள். இடையில் வெளிச்சம் பட்டால் மொட்டு வளராமல் நின்று, அதன் கீழிருந்து இலைத்தளிர்கள் கிளம்பிவிடும். இன்று தொடங்கினால் ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பத்து வாரங்களில், அதாவது மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ பூக்கும். நான்கிலும் ஒரே நேரத்தில் மொட்டு வந்துவிட்டாலோ, ஒன்றிலும் வராமல் போனாலோ, விளக்கைப் பற்றி நான் சொன்னது உங்கள் செடிக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அப்போது தொட்டி மண்ணையும் வேரையும் பார்க்க வேண்டும், நுனியை அருகிலிருந்து எடுத்த படங்களோடு மறுபடி எழுதுங்கள். அடுத்த ஆடியில் நடும்போது எட்டுத் தொட்டிகளையும் பின்பக்கமே வைத்துவிட்டு, தெருப்பக்கச் சுவருக்குத் தக்காளியைக் கொடுங்கள். அது இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பதில்லை.